பி.ஏ. படிச்சு என்னண்ணே செய்ய?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அலங்காநல்லூர், பாலமேடு, குமாரம் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பேச்சு ஒன்றுதான். இன்ஜினியரிங்கா, நர்சிங்கா, பாலிடெக்னிக்கா? கட் ஆஃப் போதவில்லை, பணம் புரளவில்லை என்று ஆனபிறகுதான் கலை அறிவியல் கல்லூரியின் பேச்சே எழும். "பி.ஏ. படிச்சு என்னண்ணே செய்ய?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

கேட்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் வட்டாரத்தில் வீட்டுக்கே முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகள் இன்னும் ஏராளம். கல்லூரிக்குள் என்ன நடக்கிறது, யார் எதை முடிவு செய்கிறார்கள், மூன்று வருஷம் கழித்துப் பிள்ளையிடம் என்ன இருக்கும் என்று அந்த வீடுகளுக்கு யாரும் பொறுமையாகச் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். வேறெதுவும் கிடைக்காதவர்கள் போய் ஒதுங்கும் இடம் கலைக் கல்லூரி என்ற எண்ணம் தவறு. அந்தத் தவறால் நல்ல பிள்ளைகள் பலர் மூன்று வருஷத்தை வீணாக்குகிறார்கள்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை மதுரை கொடுத்துவைத்த ஊர். கோரிப்பாளையம், தல்லாகுளம் பகுதியிலேயே மூன்று இருக்கின்றன. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, கேட்டி வில்காக்ஸ் 1948இல் பெண்களுக்காகத் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, 1965இல் வந்த ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி. வைகை ஆற்றுக்குத் தென்கரையில் 1889இலிருந்து மதுரைக் கல்லூரி. தெப்பக்குளம் பக்கம் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1949இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி. திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடிப் பக்கம் 1953இலிருந்து பாத்திமா கல்லூரி. நமக்கு இன்னும் பக்கத்தில், சோழவந்தானை அடுத்த திருவேடகத்தில், சுவாமி சித்பவானந்தர் 1971இல் தொடங்கிய விவேகானந்த கல்லூரி இருக்கிறது. பையன்கள் அங்கேயே தங்கி, குருகுல முறையில் படிக்கிறார்கள்.

இந்தக் கல்லூரிகளுக்கு வெளிநாட்டில் மூத்த உறவுகள் உண்டு. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஓபர்லின் போன்ற சிறு கல்லூரிகளைச் சொல்கிறேன். ஓபர்லின் 1833இல் தொடங்கியது. ஓரிரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்கள், பெரும்பாலோர் வளாகத்திலேயே தங்குபவர்கள். டாக்டர், வக்கீல் என்று ஒரு தொழிலுக்குத் தயார் செய்வது அங்கே முதல் வேலையல்ல. இலக்கியம், கணிதம், வரலாறு, அறிவியல், இசை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்து, பிறகு ஒன்றில் ஆழமாகப் போகவேண்டும். எது மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்பதை முதல் ஒன்றரை இரண்டு வருஷம் முடிவு செய்யாமலே இருக்கலாம். ஓபர்லினில் பட்டம் முடித்த இளைஞர்கள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக்குக்கும் வந்து தங்கி, ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த தொடர்பு பல பத்தாண்டுகள் பழையது. இந்தியாவில் அதே மாதிரியில் 2014இல் சோனிபத்தில் அசோகா பல்கலைக்கழகமும், 2018இல் ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகமும் வந்தன. அங்கே ஒரு வருஷக் கட்டணமே பல லட்சம். அதே எண்ணத்தின் நம்மூர் வடிவம் நூறு வருஷத்துக்கு மேலாகக் கோரிப்பாளையத்தில் டவுன் பஸ் நிற்கும் தூரத்தில் இருக்கிறது.

நம்மூர் வடிவத்தில் ஒரு பெரிய வித்தியாசம், சேரும்போதே மேஜரை முடிவு செய்துவிட வேண்டும். ஆனால் மேஜர் மட்டுமே படிப்பு அல்ல என்பது நம் முறையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இளங்கலைப் படிப்பு ஐந்து பகுதியாகப் பிரிந்திருக்கும். பகுதி ஒன்று தமிழ், அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களுக்கு இரண்டும் பெரும்பாலும் முதல் நான்கு செமஸ்டர் வரும். பகுதி மூன்றில்தான் மேஜரும் அதற்குத் துணையான அலைடு பாடமும். பகுதி நான்கில் திறன் பாடங்கள், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, அத்துடன் மேஜருக்கு வெளியே மாணவர் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு பாடம். பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை. ஆக வேதியியல் படிக்கும் பெண்ணும் இரண்டு வருஷம் சங்க இலக்கியம், சிலப்பதிகாரம், புதுக்கவிதை, சிறுகதை என்று படித்தாக வேண்டும்.

பல மாணவர்கள் இந்த முதல் இரண்டு பகுதியைச் சுமையாக நினைக்கிறார்கள். "சார், தமிழ் பேப்பருக்கு என்ன, முந்தின நாள் ராத்திரி பார்த்தாப் போதும்" என்பார்கள். பாஸ் ஆகவும் செய்வார்கள். அவர்கள் எதை இழக்கிறார்கள் என்று சொல்ல நம்ம ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்ளலாம்.

அலங்காநல்லூர் என்றதும் உலகத்துக்கே நினைவு வருவது ஜல்லிக்கட்டு. தை மூன்றாம் நாள் வாடிவாசலில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு கல்லூரியின் ஒவ்வொரு துறையும் எப்படிப் பார்க்கும்? விலங்கியல் மாணவர் புலிக்குளம் மாட்டிலிருந்து தொடங்குவார். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிடைமாட்டு இனம் அது. கிடை என்றால், அறுவடை முடிந்த வயலில் மாட்டு மந்தையை ராத்திரி அடைத்து, சாணியும் கோமியமும் அந்த நிலத்துக்கே உரமாக விடும் முறை. டிராக்டரும் ரசாயன உரமும் வந்தபிறகு காளைக்கு உழவில் வேலை குறைந்தது. ஜல்லிக்கட்டு இல்லையென்றால் காளைக் கன்றை வளர்க்க யாருக்கு என்ன காரணம் இருக்கும், இனப்பெருக்கத்துக்குக் காளை எங்கிருந்து வரும் என்ற கேள்வி விலங்கியலில் தொடங்கிப் பொருளாதாரத்தில் போய் நிற்கிறது. ஒரு காளையை வருஷம் முழுக்கப் பராமரிக்க ஆகும் தீவனச் செலவு, பரிசாக வரும் பைக்கும் அண்டாவும், ஜெயித்த காளைக்குச் சந்தையில் ஏறும் விலை எல்லாவற்றையும் ஒரு பொருளாதார மாணவி ஒரு நோட்டில் எழுதி வந்தால் அதுவே நல்ல பிராஜெக்ட்.

அரசியல் அறிவியல் மாணவர் வேறு வழியில் வருவார். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டது. அந்த மாதமே அவசரச் சட்டம், அதைத் தொடர்ந்து சட்டத் திருத்தம். 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஒரு நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் எப்படிக் கடக்க முடிகிறது, விலங்குவதை பற்றிய மத்தியச் சட்டத்தை ஒரு மாநிலம் எப்படித் திருத்துகிறது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் எதற்கு? அரசியலமைப்பைப் படிக்க இதைவிட நல்ல உதாரணம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. சமூகவியல் கேட்கும் கேள்வி கொஞ்சம் சங்கடமானது. முதல் மரியாதை யாருக்கு, முதலில் அவிழ்க்கப்படுவது எந்தக் காளை, களத்துக்குள் யார் வரலாம் என்பதை யார் முடிவு செய்தார்கள், அது எப்படி மாறியது? ஊரில் சத்தம் போட்டுக் கேட்க முடியாத இந்தக் கேள்வியை வகுப்பறையில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இனித் தமிழ். கலித்தொகையில் முல்லைக்கலி என்ற பகுதியில் 17 பாட்டுகள். முதல் ஏழும் ஏறு தழுவுதல் பற்றியவை. ஒவ்வொரு காளையின் நிறமும், கொம்பின் வளைவும், குத்துப்பட்டவனின் நிலையும் அவற்றில் உண்டு. பரண்மேல் நின்று பார்க்கும் பெண்ணின் மனசும் உண்டு. அலங்காநல்லூர்ப் பையனுக்கு இந்தப் பாட்டில் உரையாசிரியர் விளங்காமல் விட்ட இடம்கூட விளங்கும். முந்தின நாள் ராத்திரி கைடைப் புரட்டிப் பாஸ் ஆனவனுக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

இந்தக் கலித்தொகை நம் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கலைக் கல்லூரி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. ஓலைச்சுவடியாகக் கிடந்த கலித்தொகையை 1887இல் முதன்முதலாக அச்சில் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. அவர் படித்தது வட்டுக்கோட்டை செமினரியில். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் அங்கே தொடங்கிய அந்தப் பள்ளியில் தமிழ் இலக்கணம், ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்ததும் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாமோதரம் பிள்ளை, மற்றவர் அவருடைய ஆசிரியரான கறோல் விசுவநாத பிள்ளை. இரண்டு பேரும் வட்டுக்கோட்டையில் உருவானவர்கள். தாமோதரம் பிள்ளை பிறகு ஆசிரியராக இருந்தார், சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார், சட்டம் படித்து வக்கீலானார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் தேடிப்பிடித்து, ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து அச்சேற்றினார். பி.ஏ. படித்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு முதல் பி.ஏ.வின் வாழ்க்கையே பதில் சொல்கிறது.

வட்டுக்கோட்டையில் படிப்பு எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1829இல் ஒரு சந்திர கிரகணம். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக்காரர் கணித்த நேரமும், செமினரியின் தலைவர் டேனியல் பூர் கணித்த நேரமும் ஒத்துவரவில்லை. எப்போது பிடிக்கும், எப்போது விடும், நிழல் எவ்வளவு மறைக்கும் என்பதிலெல்லாம் வேறுபாடு. அன்று ராத்திரி மாணவர்களும் ஊர்க்காரர்களும் கடிகாரத்தோடு வானத்தைப் பார்த்து நின்றார்கள். பூர் சொன்ன கணக்கு சரியாக வந்தது. மிஷனரிகள் இதைத் தங்கள் வெற்றியாக எழுதிவைத்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தொலைநோக்கி இல்லாமல், பழைய வாய்பாடுகளை வைத்து அவ்வளவு நெருக்கமாகக் கிரகணத்தைக் கணிக்க முடிந்த ஒரு மரபு நம்மிடம் இருந்தது என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. மாணவர்களுக்குக் கிடைத்த பாடம் வேறு. யார் சொன்னாலும் சரி, வெளியே வந்து பார்த்துச் சரிபார்க்கலாம் என்று அன்று கற்றார்கள். ஒரு கல்லூரி தரவேண்டியதில் பாதி அதுவே.

அந்த டேனியல் பூர் 1830களின் நடுவில் கடல் கடந்து மதுரைக்கு வந்தார். இங்கே பள்ளிகள் திறந்தார். அதே மிஷன் 1840களில் திருமங்கலத்திலும் பின்பு பசுமலையிலும் செமினரி நடத்தி, 1881இல் அதைக் கல்லூரியாக்கியது. ஜார்ஜ் வாஷ்பர்ன் அதன் முதல் முதல்வர். 1909இல் வைகைக்கு வடகரையில் இப்போதுள்ள செங்கல் கட்டடத்துக்கு வந்தது. அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மதம் பரப்புவதும் அந்த மிஷனின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய வட்டுக்கோட்டையில் படித்த தாமோதரம் பிள்ளை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து பின்னாளில் சைவராக நின்றவர். கல்லூரி கொடுக்க நினைத்தது ஒன்று, மாணவர்கள் எடுத்துக்கொண்டது ஒன்று. எல்லா நல்ல கல்லூரியிலும் இப்படித்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். மதுரைக் கல்லூரிகளின் விளம்பரத்தில் 'தன்னாட்சி' என்று போட்டிருப்பார்கள். பெற்றோர் பலர் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். படிப்பின் தன்மையையே மாற்றும் விஷயம் அது. சாதாரணமாக ஒரு கல்லூரி பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்திருக்கும். நம் பகுதிக்கு அது 1966இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம். என்ன பாடம், எந்தப் புத்தகம், தேர்வுக் கேள்வி என்ன, விடைத்தாளை யார் திருத்துவது எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். கோவில்பட்டியிலோ தேனியிலோ யாரோ ஒருவர் எடுத்த கேள்வித்தாளுக்காக இங்கே ஒருவர் பாடம் நடத்த வேண்டியிருக்கும். இதில் ஆசிரியருக்குப் பெரிதாக வேலை இல்லை என்று மத்திய அரசின் கோத்தாரி கல்விக் குழு 1964-66இலேயே யோசித்து, தகுதியான கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் முதல் சில கல்லூரிகளுக்குக் கிடைத்தது. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக்கும் அந்த முதல் வரிசையில் உண்டு.

தன்னாட்சி வந்தால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு இருக்கும். துறை ஆசிரியர்கள், பல்கலைக்கழகம் அனுப்பும் ஒருவர், வெளிக் கல்லூரி நிபுணர்கள், தொழில் துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் கூடி உட்கார்ந்து பாடத்தை வகுப்பார்கள். கல்லூரியின் கல்விக் குழு அதற்கு ஒப்புதல் தரும். தேர்வை நடத்த கல்லூரிக்குள்ளேயே தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் உண்டு. மார்க் ஷீட் கல்லூரி தரும், பட்டம் பல்கலைக்கழகம் தரும். ஜல்லிக்கட்டு வழக்கை அரசியல் அறிவியல் பாடத்தில் சேர்க்க ஒரு துறை விரும்பினால் அடுத்த கூட்டத்திலேயே பேசிச் சேர்த்துவிடலாம்.

உள்மதிப்பீடு என்கிற இன்டர்னல் மார்க் இங்கேதான் முக்கியமாகிறது. இணைவுக் கல்லூரிகளில் பெரும்பாலும் 25 மார்க் இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல். தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் இன்டர்னல் 40, 50 வரைக்கும் போகும். டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், வினாடி வினா என்று செமஸ்டர் முழுக்கப் பரவியிருக்கும். கடைசிப் பத்து நாளில் படித்துத் தப்பிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும் பிள்ளைகளில் பலர் அறிவு குறைந்தவர்கள் அல்ல. இந்தக் கணக்கு புரியாதவர்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பதும் அப்படித்தான். பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் காளையோடு சுற்றினால் ஜனவரிக் கணக்கு இடிக்கும். இன்னொன்று, பல கல்லூரிகளில் திங்கள், செவ்வாய் என்று கால அட்டவணை இருக்காது. டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை ஓடும். நடுவில் ஒரு நாள் லீவு விட்டால் அந்த டே ஆர்டர் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். முதல் வாரத்தில் தவறான வகுப்பில் போய் உட்காராத புதுமுகம் இல்லை.

தன்னாட்சியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நடத்துபவரே கேள்வி எடுத்து, அவரே மார்க்கும் போட்டால், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் இளகிப்போக இடமுண்டு. 'முக்கியக் கேள்விகள்' என்று பத்தைக் கொடுத்து அதில் ஏழைக் கேட்டுவிடலாம். அப்படி நடக்கும் துறைகள் இருக்கின்றன. சுதந்திரத்தை ஆசிரியர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி, துறைக்குத் துறை வித்தியாசம். ஆகவே சேர்க்கைக்கு முன் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் துறையைப் பாருங்கள்.

வகுப்புக்கு வெளியே நடப்பதை யாரும் மார்க் ஷீட்டில் எழுதுவதில்லை. தியாகராசர் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கடைசியிலும் 60களிலும் அங்கே தமிழ் படித்தவர்கள் பட்டியலில் அப்துல் ரகுமான், நா. காமராசன், இன்குலாப் மூவரும் உண்டு. புதுக்கவிதையில் மூவரும் மூன்று திசையில் போனவர்கள். அவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் தொல்காப்பிய அறிஞர் சி. இலக்குவனார் ஒருவர், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதானவர். ஏ.கே. இராமானுஜனும் கொஞ்ச காலம் அங்கே ஆங்கிலம் நடத்தியிருக்கிறார். குறுந்தொகையைப் பின்னாளில் ஆங்கிலத்தில் உலகுக்குக் கொண்டுபோனவர் அவர். ஒரே தாழ்வாரத்தில் இப்படிப்பட்டவர்கள் நடமாடும்போது மாணவனுக்குக் கிடைப்பதை எந்தப் பாடத்திட்டக் குழுவாலும் எழுதித் தரமுடியாது. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா அதே கல்லூரியில் படித்தவர்தான். பட்டிமன்றத்தில் எதிரணியின் வாதத்தை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்லும் அவருடைய முறை வகுப்பறையில் பழகியது.

இன்றைக்கும் தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ். முகாம், நாடகக் குழு, துறைச் சங்கம் எல்லாம் இருக்கின்றன. பஸ் பிடிக்க வேண்டும் என்று இரண்டரை மணிக்கு ஓடிவிடும் பிள்ளைகளுக்கு இவை எட்டுவதில்லை. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளை லேட்டாக வீடு திரும்பட்டும். குறிப்பாகப் பெண்பிள்ளைகள். அவர்களை மட்டும் காலேஜ் விட்டதும் நேரே வரச்சொல்லும் வீடுகளில் படிப்பின் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆங்கிலவழியில் பி.எஸ்சி. இயற்பியல் சேரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் கொடுமை. 'விசை' தெரியும், 'முடுக்கம்' தெரியும்; ஆசிரியர் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் அதுவும் ஒன்றே என்று தெரியாது. சொல்லித்தர ஆளில்லாமல் 'எனக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதற்கு மருந்து எளிது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டையும் அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கோடை விடுமுறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நோட்டில் சொற்களை எழுதிக்கொண்டால், ஜூனில் வகுப்புக்குள் நுழையும்போது பாதிப் பயம் போய்விடும். அரசுக் கல்லூரிகளில் பல பாடங்களுக்குத் தமிழ்வழிப் பிரிவும் உண்டு. அதில் சேர்வதில் எந்தக் கேவலமும் இல்லை.

இன்னொரு குறை ஆசிரியர்களைப் பற்றியது. ஒரே கல்லூரியில் எய்டட் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். எய்டட் ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம். சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு நிர்வாகம் கட்டணத்திலிருந்து தரும் சம்பளம், பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். பிஎச்.டி. முடித்து, நெட் தேறி, அதே பாடத்தை அதே உழைப்போடு நடத்துபவர்கள் அவர்கள். இது அநியாயம். மாணவரையும் இது பாதிக்கிறது. மேலான வேலை கிடைத்ததும் நல்ல ஆசிரியர் நடுவருஷத்தில் போய்விடுகிறார்.

சரி, வேலை? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு, யு.பி.எஸ்.சி. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் வழி. மூன்று வருஷ எல்.எல்.பி.க்கும் பட்டம் வேண்டும். பி.எஸ்சி. படித்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேரப் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. இவை எதுவும் தானாக நடக்காது. இரண்டாம் வருஷத்திலிருந்தே தயாராக வேண்டும். படித்ததை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதவும், பத்துப் பேர் முன்னால் நின்று சொல்லவும் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கதவுகள் திறக்கும். பகுதி ஒன்றும் பகுதி இரண்டும் இதற்குத்தான் உதவுகின்றன.

பணம் பற்றிக் கடைசியாக. அரசுக் கல்லூரியிலும், மற்றவற்றின் எய்டட் பிரிவிலும் கட்டணம் மிகக் குறைவு. சுயநிதிப் பிரிவில் பல மடங்கு. சேரும்போது எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; கல்லூரிப் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு திகைப்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது, அதே தொகை. தமிழ்வழியில் படித்த அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவை உண்டு. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து கட்டணம் கிடையாது. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைக்குச் சாதி, வருமானச் சான்றிதழ்களை மே மாதமே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில்தான் பல பேர் தவறவிடுகிறார்கள். அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம். அமெரிக்கன், லேடி டோக், தியாகராசர், பாத்திமா போன்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியில் தனித்தனியாகப் போடவேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் அதில் அடங்கிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. கட் ஆஃப் கணக்கும் இங்கே வேறு. மொழிப் பாடம் நீங்கலாக நான்கு பாடங்களைக் கூட்டி 400க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மொத்த மார்க் குறைந்து தமிழில் நன்றாக வாங்கியிருக்கும் பிள்ளைக்குத் தமிழ்த் துறையில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்தத் துறைக்கே நேரில் போய், பாடத்திட்டத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நூலகத்தில் முதல் வருஷ மாணவருக்குப் புத்தகம் எடுத்துப்போக அனுமதி உண்டா, போன வருஷம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் என்ன பிராஜெக்ட் செய்தார்கள் என்றும் கேளுங்கள். பட்டென்று பதில் சொல்லி, இரண்டு பிராஜெக்ட்டையும் எடுத்துக் காட்டும் துறையில் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.